டிவிக்கு பூட்டு போடணும், சரி, எந்த இடத்துல போடறது?

போன ஆனி மாசம் ஒரு சாயங்காலம், நான் அடுப்படில வெங்காயம் நறுக்கிட்டு இருக்கேன், ஹால்ல இருந்து சின்னவ குரல் மட்டும் கேக்குது, ரிமோட்ல இருக்குற மைக் பட்டனை அமுக்கிட்டு "பேய்... பேய் வீடியோ"ன்னு ரெண்டு தடவ சொல்றா. ஆறு வயசு, எழுத்துக்கூட்டி டைப் பண்ணவே வராது, ஆனா மைக்குக்கு எழுத்து எதுக்கு. நான் கைய தொடச்சிட்டு ஓடி வர்றதுக்குள்ள ஏதோ ஒண்ணு ஓட ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கப்புறம் பத்து நாள் பாத்ரூமுக்கு கூட ஒரு ஆள் துணைக்கு போகணும்.

அன்னிக்கு நைட்டே டிவிக்கு லாக் போட்டே ஆகணும்னு உக்காந்தேன். உக்காந்த பிறகுதான் தெரிஞ்சுது, பூட்டு போடற இடமே அஞ்சாறு இருக்கு, ஒண்ணு போட்டா இன்னொண்ணு திறந்து கிடக்கு. ரெண்டு மூணு மாசமா ஒவ்வொண்ணா போட்டு கழட்டி பார்த்துட்டு எழுதறேன். எங்க வீட்டுல ஆளுங்க யாருன்னு சொல்லிட்டா உங்க வீட்டோட ஒப்பிட்டுக்கலாம்: ஆறாவது படிக்கிற பெரியவன், ஒண்ணாவது படிக்கிற சின்னவ, நைட்டு பத்து மணிக்கு மேல வெப் சீரிஸ் பாக்குற வீட்டுக்காரர், கேபிள்ல சீரியல் பாக்குற எங்க அத்தை. நான் எங்க பாக்குறேன்னு கேக்காதீங்க.

முதல்ல ஒரு விஷயம். படம் எந்த வழியா உள்ள வருதுன்னு பார்த்துட்டுதான் பூட்ட பத்தி யோசிக்கணும். கேபிள் பாக்ஸ் எச்டிஎம்ஐ வயர்ல வருது, யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் டிவிக்குள்ளயே இருக்குற ஆப், இது போக போன்ல ஓடறத அப்படியே டிவில காட்டற மிரரிங், பெரியவன் பென்டிரைவ்ல ஃப்ரெண்டுகிட்ட இருந்து வாங்கிட்டு வர்ற படம். பாக்ஸ்ல போடற லாக் ஆப்ப தொடாது. ஆப்ல போடறது கேபிள தொடாது. டிவி மெனுவுல சேனல் லாக், ரேட்டிங் லாக்னு இருக்குறத பார்த்துட்டு நிறைய பேர் அதை ஆன் பண்ணிட்டு நிம்மதியா இருக்காங்க, அது டிவியோட சொந்த ட்யூனர்ல, அதாவது பாக்ஸ் இல்லாம ஆன்டெனா வயர நேரா டிவில சொருகினா வர்ற சேனலுக்கு மட்டும்தான். பாக்ஸ்ல இருந்து எச்டிஎம்ஐல வர்றப்ப டிவிக்கு அது வெறும் படம், எந்த சேனல் ஓடுதுன்னே அதுக்கு தெரியாது. நானும் முதல் நாள் அதைத்தான் ஆன் பண்ணிட்டு பெரிய சாதனை பண்ண மாதிரி படுத்தேன்.

செட்டாப் பாக்ஸ் லாக்குல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதைத்தான் முதல்ல கழட்டினேன். டாடா ப்ளே, ஏர்டெல், சன் டைரக்ட், அரசு கேபிள், லோக்கல் ஆபரேட்டர் குடுக்குற பாக்ஸ், எதுவா இருந்தாலும் மெனுவுல சேனல் லாக் இருக்கும், நாலு நம்பர் பின். வேண்டாத சேனல டிக் பண்ணி வச்சா அந்த சேனலுக்கு போறப்ப பின் கேக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கேபிள்ல எதை லாக் பண்றது? பசங்களுக்கு ஆகாதது தனி சேனலாவா வருது? நல்லா ஓடிட்டு இருக்குற சேனல்லயே நைட்டு எட்டு மணிக்கு ஒருத்தி பால்ல விஷம் கலக்குறா, எட்டரைக்கு இன்னொருத்தி மாமியார படில இருந்து தள்ளி விடறா. நியூஸ் சேனல்ல சிசிடிவி காட்சின்னு ஒரு ஆக்சிடென்ட்ட திருப்பி திருப்பி போடறான். நான் ரெண்டு நியூஸ் சேனலையும் ஒரு சீரியல் சேனலையும் லாக் பண்ணினேன், மறுநாள் மத்தியானம் நான் வேலைல இருக்கேன், அத்தை போன் பண்றாங்க. "ஏம்மா, டிவில என்னமோ நாலு கட்டம் வருது, நம்பர் கேக்குது, கேபிள்காரனுக்கு காசு கட்டலையா?" நம்பர சொன்னேன், அவங்க அதை காலண்டர் ஓரத்துல பேனாவால எழுதி வச்சாங்க. காலண்டர் டிவிக்கு பக்கத்துலதான் தொங்குது.

அங்கதான் எனக்கு உறைச்சது. வீட்டுல பெரியவங்களுக்கு தொல்லை குடுக்குற லாக் ஒரு வாரம் தாங்காது, ஒண்ணு கழட்டிடுவாங்க, இல்ல நம்பர் ஊருக்கே தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் எந்த வழிய பார்த்தாலும் முதல் கேள்வியா இதைத்தான் கேட்டேன், இது அத்தைய எத்தனை தடவ பின் கேக்கும்?

கேபிள்ல லாக் போடறத விட வேண்டாத சேனல எடுத்துடறது எவ்வளவோ மேல். 2019 பிப்ரவரில ட்ராய் (மத்திய அரசோட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டு வந்த முறைப்படி கட்டண சேனல் எதை வேணும்னாலும் தனித்தனியா சேர்த்துக்கலாம், வேண்டாம்னா எடுத்துடலாம். பேக்கேஜ்ல இருந்தா ஒரு சேனல மட்டும் பிச்சு எடுக்க முடியாது, தனித்தனியா போட்டா சில நேரம் பில்லு பேக்கேஜ விட கூட வரும், அதை பார்த்துக்கணும். நாங்க ரெண்டு கார்ட்டூன் சேனல எடுத்துட்டோம், பெரியவன் ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் சைக்கிள எடுத்துட்டு போயிட்டான். பின் கிடையாது, மறக்கற பிரச்சனை கிடையாது, அத்தைக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. சீரியலுக்கு மட்டும் எந்த பூட்டும் இல்ல, அந்த நேரத்துக்கு சின்னவள மாடிக்கு கூட்டிட்டு போய் கதை சொல்லி தூங்க வைக்கிறதுதான், டெக்னாலஜி அங்க தோத்துடுச்சு.

அடுத்து டிவியிலயே போடற லாக். இது டிவிக்கு டிவி மாறும். சாம்சங், எல்ஜில ஆப் லாக்னு இருக்கு, எந்தெந்த ஆப்புக்கு பின் கேக்கணும்னு தனித்தனியா வைக்கலாம். எல்ஜில இன்புட் லாக்கும் உண்டு, எச்டிஎம்ஐ, யூஎஸ்பி எல்லாத்தையும் பூட்டலாம், பென்டிரைவ் பிரச்சனை இருக்குற வீட்டுக்கு அது நல்லா உதவும். ரெண்டுலயும் கம்பெனில இருந்து வர்றப்ப பின் 0000. இதை மாத்தாம விட்டா பூட்ட பூட்டிட்டு சாவிய அதுலயே தொங்க விட்ட மாதிரி, அதனால மெனுவுக்குள்ள போனதும் முதல் வேலையா இதை மாத்துங்க. ஃபயர் டிவி ஸ்டிக்னா செட்டிங்ஸ்ல பேரன்டல் கன்ட்ரோல்ஸ் ஆன் பண்ணிட்டு ஆப் திறக்கறதுக்கே பின் கேக்குற மாதிரி வைக்கலாம்.

கூகுள் டிவி வச்சிருக்கவங்களுக்கு கிட்ஸ் ப்ரொஃபைல்னு ஒண்ணு இருக்கு, இருக்குறதுலயே ரொம்ப விவரமா யோசிச்சு பண்ணது இதுதான்னு எனக்கு படுது. குழந்தைக்கு தனி முகப்பு, நீங்க குடுத்த ஆப் மட்டும்தான் அதுல தெரியும், ஒரு நாளைக்கு இத்தனை நேரம்னு வைக்கலாம், இத்தனை மணிக்கு மேல கிடையாதுன்னு வைக்கலாம், நேரம் முடிஞ்சா டிவியே போதும்னு சொல்லிடும். அம்மா சொன்னா அழுகை, டிவி சொன்னா அழுகை கம்மி, ஏன்னு தெரியல. ஆனா ப்ரொஃபைல விட்டு வெளிய வர்றதுக்கு பின் வச்சே ஆகணும், அது இல்லன்னா ரெண்டு பட்டன்ல குழந்தை அம்மா ப்ரொஃபைலுக்கு வந்துடும். இன்னொரு ஓட்டையும் இருக்கு, கிட்ஸ் ப்ரொஃபைல்ல நெட்ஃப்ளிக்ஸ் ஆப்ப குடுத்தீங்கன்னா நெட்ஃப்ளிக்ஸ் உள்ள போனதும் அதோட ப்ரொஃபைல் பட்டியல் தனியா வரும், அதுல யார தொடறாங்களோ அவங்க பாக்குறது எல்லாம் ஓடும். கூகுள் வாசல்லதான் நிக்குது, உள்ள ரூமுக்குள்ள வராது.

டிவி பின்னுல எனக்கு லேட்டா புரிஞ்ச ஒரு கூத்த சொல்லணும். போன்ல பின் போட்டா கைய வச்சு மறைக்கலாம். டிவில 43 இன்ச்ல நம்பர் பலகை வருது, அதுல ரிமோட் அம்புக்குறிய வச்சு ஒவ்வொரு நம்பரா நகர்த்தி ஓகே அமுக்கணும், மேல கட்டத்துல நட்சத்திரமாத்தான் விழுது, ஆனா எந்த நம்பர்ல வெளிச்சம் நின்னுச்சுன்னு ஹால்ல இருக்குற அத்தனை பேருக்கும் தெரியுது. சின்னவளுக்கு நம்பர் கூட வேண்டாம், "வலது, வலது, கீழ, ஓகே, இடது"ன்னு பாட்டு மாதிரி சொல்றா. பெரியவன் அவ்வளவு தூரம் கூட போகல, ஸ்கூட்டி நம்பர போட்டு பார்த்திருக்கான், திறந்துடுச்சு. அதனால பின் போடறப்ப ரூம்ல யாரும் இல்லாம போடுங்க, இல்லன்னா ரிமோட்ல நம்பர் பட்டன் இருந்தா அதை வச்சு போடுங்க. வண்டி நம்பர், கல்யாண வருஷம், பொறந்த வருஷம் வேண்டவே வேண்டாம்.

இப்ப ஆப்புக்குள்ள போடற லாக்குக்கு வர்றேன், என்னோட ஓட்டு இதுக்குத்தான். கொஞ்சம் சட்டத்த சொல்லிடறேன், பயப்படாதீங்க. 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த ஐடி ரூல்ஸ்படி ஓடிடில வர்ற ஒவ்வொரு படத்துக்கும் சீரிஸுக்கும் யூ, யூ/ஏ 7+, யூ/ஏ 13+, யூ/ஏ 16+, ஏ அப்படின்னு வயசு போடணும், 13+ அதுக்கு மேல உள்ளதுக்கு பேரன்டல் லாக் குடுத்தே ஆகணும். தியேட்டர் படத்துக்கு கூட 2023 திருத்தத்துக்கு அப்புறம் பழைய யூஏவ இதே மாதிரி மூணா பிரிச்சிட்டாங்க. அதனால நெட்ஃப்ளிக்ஸ், ப்ரைம், ஜியோஹாட்ஸ்டார்னு நீங்க காசு கட்டற ஆப்ல எல்லாம் லாக் உள்ளயே இருக்கும், இதுக்குன்னு தனியா எதையும் வாங்க வேண்டாம். 7+ கூட ஓடலாம், 13+ வந்தா பின் கேளுன்னு ஒரு தடவ சொல்லி வச்சிட்டா போதும்.

இதுல எல்லாரும் பண்ற தப்பு, குழந்தைக்கு கிட்ஸ் ப்ரொஃபைல் போட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறது. குழந்தையோட ப்ரொஃபைல யாரும் உடைக்க போறதில்ல, பக்கத்துலயே அப்பா ப்ரொஃபைல் திறந்து கிடக்கறப்ப எதுக்கு உடைக்கணும்? பூட்டு போட வேண்டியது அப்பா ப்ரொஃபைலுக்கு. நெட்ஃப்ளிக்ஸ்ல இதை டிவில தேடாதீங்க, போன்லயோ கம்ப்யூட்டர்லயோ பிரவுசர்ல அக்கவுண்ட் பக்கத்துக்கு போனா ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் வயசு வரம்பு, நாலு நம்பர் லாக், பேர் சொல்லி ஒரு குறிப்பிட்ட சீரிஸ மட்டும் தடுக்கறது, அடுத்த எபிசோட் தானா ஓடறத நிறுத்தறது எல்லாம் இருக்கும். புது ப்ரொஃபைல் சேர்க்கவும் பின் கேளுன்னு ஒரு டிக் இருக்கு, அதையும் போட்டுடுங்க, பதினோரு வயசுக்காரனுக்கு புது ப்ரொஃபைல் ஆரம்பிக்க ஒரு நிமிஷம் போதும். தானா ஓடறத நிறுத்தினது ஒண்ணுலயே எங்க வீட்டுல பாதி சண்டை குறைஞ்சுது, எபிசோட் முடிஞ்சதும் ஒரு அமைதி வருது பாருங்க, அந்த கேப்புல "சாப்பிட வாடா"ன்னு கூப்பிட்டா காதுல விழுது.

யூடியூப் வேற கதை. இங்க யார் வேணும்னாலும் ஏத்தலாம், அதனால ஓடிடி மாதிரி வீடியோவுக்கு வீடியோ யூ/ஏ போட்டு வராது. குழந்தைகளுக்கு தெரிஞ்ச கார்ட்டூன் உருவங்கள வச்சு கண்றாவி வீடியோ ஏத்தினது 2017-ல உலகம் பூரா பெரிய பேச்சாச்சு, அதுக்கப்புறம் நிறைய கெடுபிடி வந்துச்சு, ஆனாலும் முழுசா நம்பி விட முடியாது. உள்ள இருக்குற வழி மூணு. ரெஸ்ட்ரிக்டட் மோட்னு ஒரு ஸ்விட்ச், மோசமானத ஓரளவு மறைக்கும், பேய் வீடியோவையும் காட்டுக் கத்தல் வீடியோவையும் அது கண்டுக்காது, எதுவும் இல்லாததுக்கு இது தேவலாம். ரெண்டாவது யூடியூப் கிட்ஸ், நாலு வயசு வரைக்கும், அஞ்சுல இருந்து எட்டு, ஒன்பதுல இருந்து பன்னெண்டுன்னு வயச வச்சு பிரிச்சிருக்கு, தேடற வசதியவே ஆஃப் பண்ணலாம், நீங்க டிக் பண்ணி குடுத்த வீடியோ, சேனல் மட்டும் வரணும்னும் வைக்கலாம். சின்னவளுக்கு இதுதான். மூணாவது சூப்பர்வைஸ்ட் அக்கவுண்ட், குழந்தை பேர்ல கூகுள் அக்கவுண்ட் ஆரம்பிச்சு 9+, 13+ அப்படின்னு அளவு வைக்கறது. பெரியவன கிட்ஸ்ல உக்கார வச்சா "நான் என்ன பாப்பாவா"ன்னு கேப்பான், அவனுக்கு இது.

முன்னாடி டிவில யூடியூப் கிட்ஸ் தனி ஆப்பா இருந்துச்சு, அப்ப பெரிய யூடியூப பூட்டிட்டு கிட்ஸ மட்டும் திறந்து விடலாம். 2024-ல பெரும்பாலான டிவில இருந்து அந்த தனி ஆப்ப தூக்கிட்டாங்க, இப்ப யூடியூப் ஆப்புக்குள்ளயே அது ஒரு ப்ரொஃபைல். அதனால டிவி ஆப் லாக்ல யூடியூப பூட்டினா கிட்ஸும் சேர்ந்து பூட்டிக்கும், பூட்டாம விட்டா உங்க அக்கவுண்ட் ஒரு க்ளிக் பக்கத்துல இருக்கும். இதுக்குன்னே யூடியூப் செட்டிங்ஸ்ல பேரன்ட் கோட்னு ஒண்ணு குடுத்திருக்காங்க. அதை வச்சிட்டா பெரியவங்க அக்கவுண்டுக்கு போனாலும், சைன் இன் பண்ணாம பாக்க போனாலும் கோட் கேக்கும், குழந்தைங்க ப்ரொஃபைலுக்கு கேக்காது. நான் தேடிட்டு இருந்தது இதைத்தான், பசங்களுக்கு கதவு திறந்தே இருக்கு, பூட்டு எங்க பக்கத்துல. அத்தை யூடியூப் பாக்குறதில்ல, கேபிளோட சரி, அதனால அவங்க பக்கம் புகாரும் இல்ல. வீட்டுக்காரர்தான் நைட்டு கோட் போடறப்ப முணுமுணுக்கறார், முணுமுணுக்கட்டும்.

இன்டர்நெட்லயே வடிகட்டறத பத்தி சொல்லாம விட்டா கம்ப்யூட்டர் படிச்ச மாமாக்கள் கோவிச்சுப்பாங்க. ரவுட்டர்ல டிஎன்எஸ்ஸ (சைட் பேர சொன்னா அதோட முகவரிய தேடி குடுக்குற சர்வர்) 1.1.1.3, 1.0.0.3-னு மாத்தினா ஆபாச சைட்டும் வைரஸ் சைட்டும் வீட்டு வைஃபைல இருக்குற மெஷின்கள்ல பெரும்பாலும் திறக்காது, க்ளவுட்ஃப்ளேர்ங்கற இன்டர்நெட் கம்பெனி 2020-ல இருந்து இலவசமா குடுக்குறாங்க. ரவுட்டர்ல மாத்த விடலன்னா டிவி நெட்வொர்க் செட்டிங்ஸ்ல மேனுவலா போடலாம். பத்து நிமிஷ வேலை, யாருக்கும் தொல்லை இல்ல, டிவிய விட வீட்டுல இருக்குற போனுக்கும் டேப்புக்கும்தான் இது ஜாஸ்தி பிரயோஜனம். ஆனா இது சைட் பேர வச்சுதான் தடுக்கும், யூடியூப்புக்குள்ள எந்த வீடியோ ஓடுதுன்னு இதுக்கு தெரியாது, அதனால எங்க பேய் விவகாரத்துல இது ஒரு துரும்பையும் அசைச்சிருக்காது. ரவுட்டர்லயே இத்தனை மணிக்கு மேல டிவிக்கு நெட் கிடையாதுன்னு வைக்கற வசதியும் நிறைய மாடல்ல உண்டு, கேபிள் அதுபாட்டுக்கு ஓடும்ங்கறதால அத்தைக்கு பாதிப்பில்ல, நைட்டு பத்து மணி சீரிஸ்காரர்தான் மாட்டிக்கிட்டார், மூணாவது நாளே எடுத்துட்டோம்.

ரிமோட்ட ஒளிச்சு வைக்கறது, பேட்டரிய கழட்டறது, ப்ளக்க பிடுங்கறது, இதெல்லாம் நம்ம பாட்டன் பூட்டன் வழி. ரெண்டு வயசு மூணு வயசுக்கு நல்லா வேலை செய்யும். அந்த வயசுக்கு டிவியே எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லதுன்னுதான் டாக்டருங்களும் சொல்றாங்க, இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் ரெண்டு வயசுக்குள்ள ஸ்க்ரீனே வேண்டாம், அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு வழிகாட்டி குடுத்திருக்கு. பெரிய பசங்ககிட்ட ஒளிச்சு வச்சா பலிக்காது, ஒரு தடவ ரிமோட்ட அரிசி டப்பாக்குள்ள வச்சேன், பெரியவன் என் போன எடுத்து அதுல இருக்குற ரிமோட்டாலயே டிவிய ஆன் பண்ணிட்டான். அரிசி டப்பால வச்சத நான் மறந்து போய் நாலு பேரும் சோஃபாவ புரட்டினதுதான் மிச்சம்.

உங்க வீட்டுல எதைன்னு கேட்டா, குழந்தைக்கு அஞ்சாறு வயசு, கூகுள் டிவி, வீட்டுல பெரியவங்க பாக்குறது கேபிள் மட்டும்னா கண்ண மூடிட்டு கிட்ஸ் ப்ரொஃபைல். வயசு வித்தியாசம் உள்ள ரெண்டு பசங்க இருக்காங்க, டிவிய எல்லாரும் மாத்தி மாத்தி பாக்குறீங்கன்னா டிவி லாக்க விட்டுட்டு யூடியூப் பேரன்ட் கோட், ஓடிடில பெரியவங்க ப்ரொஃபைலுக்கு பின், இந்த ரெண்டு போதும். ரெண்டு பேரும் வேலைக்கு போறீங்க, ஸ்கூல் விட்டு வந்ததும் பசங்க தனியா இருக்காங்கன்னா மட்டும் சாம்சங், எல்ஜில ஆப் லாக்க போட்டு மொத்தமா பூட்டிட்டு போங்க, கோவம் வரும், வரட்டும். கேபிள் லாக்க மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நாங்க இப்ப வச்சிருக்கறது இந்த ரெண்டாவது வகை, கூட டிஎன்எஸ், கேபிள்ல ரெண்டு சேனல் காலி. மொத்தம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போச்சு, ஒண்ணரை மணி நேரம், அதுல முக்கால் மணி நேரம் பழைய நெட்ஃப்ளிக்ஸ் பாஸ்வேர்ட தேடினது. பின் மட்டும் என்கிட்ட இல்ல, அத்தைகிட்ட குடுத்துட்டேன், அவங்களே யோசிச்சு ஒரு நம்பர் வச்சிருக்காங்க, இந்த தடவ காலண்டர்ல எழுதல. பெரியவனுக்கு ஏதாவது பாக்கணும்னா பாட்டிகிட்ட போய் கேக்கணும், பாட்டி "என்ன படம், யாரு நடிச்சது, அடிதடி இருக்கா"ன்னு முழு விவரமும் கேட்டுட்டுதான் எழுந்து வருவாங்க, வந்தா கூடவே உக்காந்து பாக்கவும் செய்வாங்க. போன வாரம் சின்னவ மறுபடி மைக்கை அமுக்கிட்டு பேய்னு சொல்லி பார்த்தா, ஒண்ணும் வரல, திரும்பி பாட்டியை பார்த்து "நீங்க சொல்லுங்க பாட்டி பேய்க்கதை"ன்னா. அவங்க சொன்ன கதைல அன்னிக்கு நைட்டு நானே லைட்ட அணைக்கல.